பழைய தையல் மெசினும் அதன் இலக்கமும்: ஊவாத் தோட்டங்களில் பதியப்படாத ஒரு சொத்து

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை ஏழரை மணியளவில் கொஸ்லாந்தை, மீரியபெத்தவில் மலை இறங்கியது. பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் போய்விட்டிருந்தார்கள். வேலைக்குப் போனவர்கள் போயிருந்தார்கள். லயன்களில் மிஞ்சியிருந்தவர்கள் லயன்களோடு போனார்கள். அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது என்பதெல்லாம் பிறகு செய்தியானது. காணாமற்போனவர்கள் நூற்றுக்கணக்கில் என்று முதல் நாள் சொல்லப்பட்ட எண்ணிக்கை, நாட்கள் செல்லச் செல்ல சில பத்துகளாகக் குறைந்தது. ஒரு லயனில் எத்தனை பேர் வாழ்ந்தார்கள் என்பதையே உடனடியாகச் சொல்ல முடியாத நிலையில், அந்த வீடுகளுக்குள் என்னென்ன இருந்தன என்று யார் சொல்வது?

பிறப்புச் சான்றிதழ் தொலைந்தால் பிரதி எடுக்கலாம். அடையாள அட்டையும் அப்படித்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள் ஒரு குடும்பம் இரண்டு மூன்று தலைமுறையாகச் சேர்த்த பொருளுக்குப் பிரதி இல்லை. வீடு தோட்டத்துக்குச் சொந்தம், காணியும் தோட்டத்துக்குச் சொந்தம். குடும்பத்துக்குச் சொந்தமென்று இருந்தவை காதிலும் கழுத்திலும் கிடந்த தங்கம், ஒன்றிரண்டு மாடு ஆடு, பித்தளைப் பாத்திரம், பிந்திய காலத்தில் ரேடியோ, டீவி. வசதி கொஞ்சம் கூடிய வீடுகளில் ஒரு தையல் மெசின்.

இந்தக் கட்டுரை அந்தத் தையல் மெசினைப் பற்றியது. உலகில் பல நாடுகளில் பழைய தையல் மெசின் சேகரிப்போர் கூட்டங்கள் நடக்கின்றன. வேலை செய்து ஓய்ந்த ஆண்களும் பெண்களும் காரின் பின்பக்கத்தில் இரண்டு மெசினை ஏற்றிக்கொண்டு வந்து, மண்டபத்து மேசையில் வைத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையான பொழுதுபோக்கு. ஆனால் அவர்கள் ஒரு மெசினிடம் கேட்கும் கேள்விகளை நம் தோட்டங்களில் கிடக்கும் மெசின்களிடம் கேட்டால், வேறெந்த ஆவணத்திலும் கிடைக்காத சில விடயங்கள் கிடைக்கும்.

கூட்டத்தில் என்ன நடக்கிறது

சேகரிப்போரின் அமைப்புகளில் நன்கு அறியப்பட்டது பிரித்தானியாவில் தொடங்கப்பட்ட சர்வதேச தையல் இயந்திர சேகரிப்பாளர் சங்கம். சஞ்சிகை வெளியிட்டார்கள், ஆண்டுக் கூட்டங்கள் நடத்தினார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக உற்பத்தி இலக்கங்களின் பட்டியல்களைத் தேடித் தொகுத்துப் பொதுவில் வைத்தார்கள். லண்டனின் தெற்குப் பகுதியில் தையல் மெசின்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் உண்டு. மெசின் வியாபாரம் செய்த குடும்பத்தின் சேகரிப்பு அது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் கதவு திறப்பார்கள்.

கூட்டங்களில் நடப்பது பெரும்பாலும் பண்டமாற்று. ஒருவரிடம் படகு வடிவ ஷட்டில் இருக்கும், மெசின் இருக்காது. இன்னொருவரிடம் மெசின் இருக்கும், ஷட்டில் தொலைந்திருக்கும். இறுகிப்போன சக்கரத்தை உடைக்காமல் சுழல வைப்பது எப்படி என்று ஒருவர் செய்து காட்டுவார். மற்றவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். புதிதாக வந்தவர் துணியைத் திறந்து மெசினைக் காட்டியதும் எல்லோரும் முதலில் குனிந்து பார்க்கும் இடம் ஒன்றுதான்: அடித்தட்டின் வலதுபுறத்தில், தூண் எழும்பும் இடத்துக்குக் கீழே பொறிக்கப்பட்டிருக்கும் இலக்கம்.

அழகைப் பார்ப்பவர்கள் குறைவு என்று சொல்ல மாட்டேன். கறுப்பு உடலில் தங்க நிறத்தில் ஓடும் பூவேலை, எகிப்தின் சிறகு முளைத்த ஸ்பிங்ஸ் உருவம், இவற்றுக்கெல்லாம் தனிப் பெயரும் தனி இரசிகர்களும் உண்டு. ஆயினும் பேச்சு இலக்கத்தில்தான் தொடங்கும்.

கிளைட் நதிக்கரையிலிருந்து ஹப்புத்தளைக்கு

ஊவாவில் பழைய கறுப்பு மெசின் ஒன்றைப் பார்த்தால் அதன் மீது சிங்கர் என்று எழுதியிருக்கும் வாய்ப்பே அதிகம். ஐசாக் மெரிட் சிங்கர் 1851 ஆகஸ்ட் 12 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். தையல் மெசினைக் கண்டுபிடித்தவர் அவரில்லை. பிரான்சில் திமோனியே என்ற தையற்காரர் 1830 இலேயே ஒன்றைச் செய்திருந்தார். பிழைப்புப் போய்விடும் என்று பயந்த மற்றத் தையற்காரர்கள் அவருடைய மெசின்களை அடித்து நொறுக்கினார்கள். அமெரிக்காவிலேயே எலியஸ் ஹோவ் 1846 இல் காப்புரிமை வைத்திருந்தார். சிங்கரின் கம்பனி வென்றது வேறு காரணத்தால். 1850களின் நடுப்பகுதியில் அவருடைய பங்காளி எட்வர்ட் கிளார்க் தவணை முறையைக் கொண்டுவந்தார். கொஞ்சம் கட்டிவிட்டு மெசினை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், மீதியை மாதாமாதம் கட்டலாம். இன்று பதுளைக் கடைவீதியில் குளிர்சாதனப் பெட்டி வாங்குகிறவர் கையெழுத்திடும் தாளின் பூட்டன் அதுதான்.

இலங்கையில் தன் வரவை 1877 என்று சிங்கர் நிறுவனம் குறிப்பிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியா, பர்மா, இலங்கை மூன்றுக்கும் அதன் வியாபாரத்தை நடத்தியவர் பம்பாயைச் சேர்ந்த பட்டேல் என்ற பார்சிக்காரர். காலனித்துவ இலங்கையில் இத்தகைய அன்றாட இயந்திரங்கள் எப்படிப் பரவின என்பதை வரலாற்றாசிரியர் நிரா விக்கிரமசிங்க 2014 இல் வெளியான தன் ஆங்கில நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அதில் சிங்கர் மெசினுக்குப் பெரிய இடம் உண்டு. மீரியபெத்த இறங்கிய அதே ஆண்டு வந்த நூல் என்பது தற்செயல்தான்.

மெசின்கள் எங்கே செய்யப்பட்டன? நம் பக்கம் வந்தவற்றில் பெரும்பகுதி ஸ்கொட்லாந்தில். 1867 இல் கிளாஸ்கோ நகரில் சிறிதாகத் தொடங்கிய சிங்கர், 1880களின் நடுப்பகுதியில் பக்கத்திலுள்ள கிளைட்பேங்கில் கில்போவி என்ற இடத்தில் மாபெரும் தொழிற்சாலையைத் திறந்தது. முதலாம் உலகப் போருக்கு முன்பே ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கு மேல் மெசின்கள் அங்கிருந்து வெளியேறின. பழைய சிங்கர் மாதிரிகளின் எண்ணுக்குப் பின்னால் வரும் ‘கே’ என்ற எழுத்து, 15கே, 28கே, 99கே, 201கே என்று, கில்போவியைக் குறிப்பது.

கிளாஸ்கோவைச் சொல்லும்போது ஊவா வாசகருக்கு இன்னொருவர் நினைவுக்கு வர வேண்டும். 1848 இல் அந்த நகரில் பிறந்து, 1871 இல் அங்கேயே முதல் மளிகைக் கடையைத் திறந்தவர் தோமஸ் லிப்டன். 1890 இல் இலங்கை வந்து அவர் வாங்கிய தோட்டங்களில் ஹப்புத்தளை தம்பேதன்னையும் ஒன்று. ஹப்புத்தளைக்கு ரயில் வந்தது 1893 இல், பதுளைக்கு 1924 இல். தேயிலைப் பெட்டி அந்த ரயிலில் இறங்கிக் கொழும்புக்கும், அங்கிருந்து பிரித்தானியாவுக்கும் போனது. பிரித்தானியாவிலிருந்து அதே கடல் வழியாக வந்த சரக்குகளில் மெசினும் இருந்தது. ஒரே நகரத்துக்காரர்களின் இரண்டு வியாபாரங்கள் நம் மலையில் சந்தித்துக்கொண்டன. லிப்டன் விளம்பரங்களில் கூடையோடு நிற்கும் தமிழ்ப் பெண்ணின் படம் உலகம் சுற்றியது. அவள் கையில் மெசின் வர இன்னும் நாளாகும்.

கிளைட்பேங்கைப் பற்றி ஒரு விடயத்தை இங்கே சொல்லாமல் தாண்ட முடியவில்லை. 1911 மார்ச்சில் அந்தத் தொழிற்சாலையில் மெசின்களின் மரப்பெட்டிக்கு மெருகு போடும் 12 பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். ஆளைக் குறைத்து, மிஞ்சியவர்கள் தலையில் கூடுதல் வேலையைக் கட்டியதுதான் காரணம். சில நாட்களுக்குள் சுமார் 11,000 தொழிலாளர் வெளியே வந்தார்கள். ஏப்ரலில் போராட்டம் முறிந்தது. முன்னின்ற நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். றாத்தல் கணக்கு ஏறியதற்காகத் தராசடியில் நின்று சண்டை பிடித்த நம் பெண்களுக்கு இந்தக் கதையில் விளங்காதது எதுவுமில்லை. 1911 க்கு முன்பின்னாகச் செய்யப்பட்ட ஒரு மெசினின் மரப்பெட்டி எங்காவது ஒரு லயனில் இன்னும் இருக்குமானால், அதன் மெருகு அந்தப் பெண்களின் கையால் போடப்பட்டதாக இருக்கலாம்.

இரண்டாம் உலகப் போரில், 1941 மார்ச் 13, 14 இரவுகளில், ஜேர்மன் விமானங்கள் கிளைட்பேங்கைத் தாக்கின. சேதமடையாமல் மிஞ்சிய வீடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. சிங்கரின் மரக் கிடங்கு எரிந்தது. தொழிற்சாலை எழுந்து நின்று 1980 வரை ஓடி மூடப்பட்டது. கட்டடம் இடிக்கப்பட்டுவிட்டது, ‘சிங்கர்’ என்ற பெயரில் ரயில் நிலையம் மட்டும் அங்கே இருக்கிறது. ஆனால் எந்த இலக்கம் எந்த ஆண்டுக்கு ஒதுக்கப்பட்டது என்ற பதிவேடு பிழைத்தது. அந்த நகரசபையின் அருங்காட்சியகத்தில் 800 க்கு மேற்பட்ட தையல் மெசின்களும் தொழிற்சாலையின் ஆவணங்களும் பாதுகாக்கப்படுகின்றன. வீடுகளை இழந்த ஓர் ஊர் தன் மெசின்களின் கணக்கை இழக்கவில்லை.

இலக்கத்தை வாசிப்பது

உங்கள் வீட்டிலோ அயல் வீட்டிலோ ஒன்று இருந்தால் துணியால் அந்த இடத்தைத் துடைத்துப் பாருங்கள். எழுத்து இல்லாமல் வெறும் எண் மட்டும் இருந்தால், பொதுவாக அது பத்தொன்பதாம் நூற்றாண்டு மெசின். ஏறக்குறைய 1900 இலிருந்து எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்து வருகிறது. எஃப் என்று தொடங்குபவை 1910களை ஒட்டிய கிளைட்பேங்க் மெசின்கள். ஒய் என்று தொடங்குபவை 1920களிலும் 1930களின் முற்பகுதியிலும் அங்கே செய்யப்பட்டவை. ஈ என்ற எழுத்தோடு இன்னோர் எழுத்தும் சேர்ந்து, ஈஏ, ஈபி, ஈசி என்று தொடங்கினால் 1935 க்குப் பிந்தியவை. 1960களின் தொடக்கம் வரை இந்த வரிசை போகிறது. ஜி என்று இருந்தால் அமெரிக்காவின் எலிசபெத்போர்ட் தொழிற்சாலை. சி என்று இருந்தால் ஜேர்மனியின் விட்டன்பேர்க.

இதில் ஒரு கவனம் தேவை. பதிவேட்டில் உள்ள திகதி, இலக்கங்கள் கட்டுக் கட்டாக ஒதுக்கப்பட்ட திகதி. மெசின் அதற்குச் சில மாதம் பிந்தியும் முடிந்திருக்கும். பிறகு கப்பலில் வந்து, கொழும்பில் கிடந்து, யாரோ வாங்கி, அவர் விற்று, இரண்டாம் கையாகவோ மூன்றாம் கையாகவோதான் லயனுக்கு ஏறியிருக்கும். ஆகவே 1926 ஆம் ஆண்டு மெசின் ஒன்று ஒரு லயனில் இருப்பதால் அந்தக் குடும்பம் 1926 இல் அதை வாங்கியது என்று எழுதிவிடக் கூடாது. தலையும் காலும் வேறு வேறு மெசினுடையதாக இருப்பதும் சர்வசாதாரணம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது அடிநூல் எப்படி வருகிறது என்பது. தையல் மெசினின் பூட்டுத் தையலில் மேல்நூல் ஊசியோடு இறங்கும். கீழே ஷட்டில் அந்த நூலின் கண்ணிக்குள் நுழைந்து அடிநூலைக் கோத்துவிட்டு வரும். 27, 28, 127, 128 என்ற மாதிரிகளில் ஷட்டில் நீளமாக, துப்பாக்கி ரவையைப் போல், உள்ளே மெலிந்த நீண்ட பொபினோடு இருக்கும். 15, 66, 99 என்பவற்றில் வட்டப் பொபின். நீண்ட ஷட்டில் உள்ளவை பழமையான அமைப்பு. நம் பக்கம் அதிகம் உழைத்தது 15 வகைதான். எளிய அமைப்பு, முரட்டுத் துணியும் தைக்கும். போருக்குப் பின்னர் ஜப்பானிய நிறுவனங்கள் அதையே நகலெடுத்து உலகமெங்கும் விற்றன. கல்கத்தாவில் ஜெய் எஞ்சினியரிங் நிறுவனம் செய்த உஷா மெசினும் அந்த வழியில் வந்ததுதான். 1960களில் இரத்மலானையில் சிங்கர் மெசின்களை இங்கேயே பொருத்தத் தொடங்கினார்கள்.

ஒரு வியப்பான செய்தி: நூறு வயதான 15 வகை மெசினுக்கு, இன்று பண்டாரவளையில் ஒரு கடையில் வீட்டு மெசினுக்கென்று வாங்கும் சாதாரண ஊசி அப்படியே பொருந்தும். அந்த அளவு மாறவே இல்லை. நூற்றாண்டு பழைய ரேடியோவையோ கேமராவையோ பற்றி இப்படிச் சொல்ல முடியாது. இந்தக் காரணத்தால்தான் பிரித்தானியாவில் சில தொண்டு அமைப்புகள் பழைய மெசின்களைச் சேகரித்துத் திருத்தி ஆபிரிக்க நாடுகளில் தையல் பழகுபவர்களுக்கு அனுப்பி வருகின்றன.

லயனுக்குள் மெசின்

காந்தி இயந்திரங்களுக்கு எதிரானவர் என்று அறியப்பட்டவர். 1924 இல் ஓர் உரையாடலில் அவர் விதிவிலக்காகச் சொன்னது சிங்கர் மெசினை. மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைப் பார்த்த அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்று அவர் நம்பினார். உண்மையில் சிங்கர் பல பெண்களோடு பல குடும்பங்கள் வைத்திருந்த மனிதர். மெசினைப் பணத்துக்காகத்தான் செய்தார். இருந்தாலும் காந்தி சொன்னதன் மறுபாதி சரி. வீட்டுக்குள் ஒரு பெண்ணின் பொறுப்பில் இருக்கக்கூடிய இயந்திரம் அது. 1927 நவம்பரில் காந்தி இலங்கை வந்தபோது பதுளையிலும் பேசினார். அன்று அவர் பேச்சைக் கேட்கத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்தவர்களில் மெசின் வைத்திருந்தவர்கள் அரிதாகத்தான் இருந்திருப்பார்கள்.

தோட்டத்தில் மெசின் முதலில் டெய்லரின் சொத்து. தீபாவளி முற்பணம் கொடுபட்டதும் துணி வரும், துணி வந்ததும் டெய்லருக்கு இரவு பகல் இல்லை. இஸ்தோப்பில் மெசினைப் போட்டு, விளக்கு வெளிச்சத்தில், தீபாவளிக்கு முந்திய இரவு வரை தைப்பார்கள். ஒரே துணிச்சுருளில் வெட்டியதால் ஒரு லயனின் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பூப்போட்ட சட்டையில் நிற்பது அந்தக் காலத்துப் புகைப்படங்களில் தெரியும்.

பிறகு அது பெண்கள் கைக்கு வந்தது. சீட்டுக் கட்டி வாங்கினார்கள், நகையை அடகு வைத்து வாங்கினார்கள், ஓய்வுபெற்றபோது கிடைத்த சேவைக்காலப் பணத்தில் மகளுக்கென்று வாங்கினார்கள். கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்தார்கள். காலையில் பெரட்டுக்குப் போய், மலையேறி, கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, சமைத்து, பிள்ளைகளைப் படுக்கப்போட்ட பிறகு ஒரு மணித்தியாலம் அதில் உட்காருவார்கள். ரவிக்கை, பாவாடை, பாடசாலைச் சீருடை, கிழிந்த கூடைப் பட்டி, வேலைக்குக் கட்டும் படங்கு. கிடைத்தது சில்லறைதான். ஆனால் செக்ரோலில் ஏறாத சில்லறை. தோட்டக் கணக்கப்பிள்ளைக்குத் தெரியாத வருமானம். சம்பளம் கணவனின் கையில் கொடுக்கப்பட்ட காலத்தில் இதற்கு என்ன பெறுமதி என்பதை அந்தப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டு மெசின் மீது அம்மா ஒரு பழைய சேலைத் துண்டை மூடி வைத்திருப்பார். சக்கரத்தைச் சும்மா சுற்றினால் அடி விழும். பின்பக்கமாகச் சுற்றினால் நூல் அறும் என்பது காரணம், எனக்கு அது புரிந்தது வெகு பின்னால். மெசினுக்குக் கீழே உள்ள சிறு இழுப்பறைக்குள் பொபினோடு சேர்த்து குடும்பத்தின் முக்கிய தாள்களும் இருந்தன. வேறு வீடுகளிலும் அப்படித்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். பூட்டு இருந்த ஒரே இடம் அதுவாக இருந்திருக்கும்.

1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானோர் தொகையில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் முடிவு செய்தது. பதுளையிலிருந்தும் ஹப்புத்தளையிலிருந்தும் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்குப் போனார்கள். போகிறவர்கள் எதைக் கட்டுவது எதை விற்பது என்று பார்க்கும்போது மெசின் சங்கடமான பொருள். தலை மட்டும் பத்துக் கிலோவுக்கு மேல். வார்ப்பிரும்புக் கால் அதைவிடக் கனம். தலையைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு காலை விட்டுவிட்டுப் போகலாம், அல்லது மொத்தமாகப் பக்கத்து லயனுக்குக் கொடுத்துவிடலாம். நீலகிரியில் ஒரு தாயகம் திரும்பியோர் குடியிருப்பிலும் கொஸ்லாந்தையில் ஒரு லயனிலும் இருக்கும் இரண்டு மெசின்களின் இலக்கங்களை யாராவது பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நாள் வரலாம்.

1977 க்குப் பிறகு கதை திசை மாறியது. 1978 இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. 1990களின் தொடக்கத்தில் நாடெங்கும் 200 ஆடைத் தொழிற்சாலைகள் என்ற திட்டம் வந்தது. வேலை விளம்பரங்களில் ‘ஜூகி மெசின் ஒப்பரேட்டர்’ என்ற சொல் சாதாரணமாயிற்று. அம்மாவின் மெசினில் நேர்த்தையல் பழகிய மகள் கட்டுநாயக்கவில் ஒரு சட்டையின் காலரை மட்டும் நாள் முழுக்கத் தைக்கப் போனாள். வீட்டு மெசின் மீது தூசு படிந்தது. ஆயத்த ஆடை மலிந்ததும் டெய்லர்மாரும் ஒருவர் பின் ஒருவராக மெசினை மடித்தார்கள்.

பழைய இரும்பு வருகிறவர்கள்

இப்போது அந்த மெசின்களைத் தேடி வருகிறவர்கள் பழைய இரும்புக்காரர்கள். கிலோக் கணக்கில் நிறுத்து எடுப்பார்கள். காலை வெட்டித் தனியே விற்றால் விடுதிகளிலும் தேநீர்க் கடைகளிலும் அது மேசைக் காலாகிறது. வெளிநாட்டில் ஓர் உடுப்புக் கம்பனி தன் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பழைய மெசின்களை அடுக்கி வைத்தே புகழ்பெற்றது. அலங்காரத்துக்கு வாங்குகிறவருக்கு இலக்கம் தேவையில்லை, யாருடையது என்பதும் தேவையில்லை.

மறுபுறத்தில், பழைய சிங்கர் என்றால் இலட்சக்கணக்கில் போகும் என்ற கதையும் அவ்வப்போது கிளம்பும். 2009 இல் சவூதி அரேபியாவில் சிங்கர் மெசினுக்குள் ‘சிவப்பு பாதரசம்’ இருக்கிறது என்று ஒரு வதந்தி பரவி, ஆட்கள் கைத்தொலைபேசியை ஊசிக்குப் பக்கத்தில் பிடித்துச் சோதித்துப் பார்த்து, பெருந்தொகை கொடுத்து வாங்கினார்கள். அப்படி ஒரு பொருளே அதில் கிடையாது. பொலிஸார் மோசடி என்றார்கள். ஆண்டுக்குப் பத்து இலட்சம் செய்யப்பட்ட பண்டம் அரிதாக இருக்க முடியாது. சேகரிப்போர் பெருவிலை கொடுப்பது 1850, 60களின் தொடக்ககால மெசின்களுக்கும் சில காலத்தோடு அழிந்த சிறு கம்பனிகளின் மெசின்களுக்கும்தான். வாசலுக்கு வந்து ஆசை காட்டுகிறவர், மட்டம் தட்டுகிறவர் இருவரையும் இந்தக் கணக்கை வைத்துச் சமாளிக்கலாம்.

வைத்திருக்க நினைப்பவர்களுக்கு: தேங்காய் எண்ணெய் விட வேண்டாம். நம் மலைக் குளிரில் அது உறையும். உறையாவிட்டாலும் காலப்போக்கில் பசையாகிச் சக்கரத்தை இறுக்கும். இறுகிய மெசினுக்கு எண்ணெய்த் துளைகளில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, ஒரு நாள் இரண்டு நாள் பொறுத்து, சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தால் பெரும்பாலும் விடும். அதன் பிறகு தையல் மெசின் எண்ணெய் மட்டும். தங்கப் பூவேலை மீது மண்ணெண்ணெயோ ஸ்பிரிட்டோ படக்கூடாது. மேற்பூச்சு அரக்கு வகையானது, ஸ்பிரிட் பட்டால் கரைந்து பூ அழிந்துவிடும். ஈரத் துணியால் துடைத்து உலர்த்துவது போதும்.

ஒரு கூட்டம் இங்கே கூடினால்

மீரியபெத்தவில் பிழைத்தவர்கள் பாடசாலைகளிலும் பிறகு மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையிலும் இருந்துவிட்டு, 2016 இல் மக்கல்தெனியவில் கட்டப்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். 2023 மார்ச்சில் பூனாகலை, கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்து இன்னும் பல குடும்பங்கள் வீடிழந்தன. அதே 2023 இல்தான் மலையகம் 200 என்று மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோம். வந்த பாதையை நினைவுகூர்ந்தோம். வந்த பின் சேர்த்தவற்றைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. கம்பளைக்கு அருகே ஒரு பழைய லயனில் சமூக அபிவிருத்தி நிறுவகம் அமைத்த தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. கவ்வாத்துக் கத்தி, பழைய பாத்திரம் பண்டங்கள் என்று பல பொருட்களை அங்கே சேர்த்திருக்கிறார்கள். ஊவாவில் அப்படி ஒன்றைத் தொடங்க மண்டபம் கட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மண் ஒரு மெசினைக் கொண்டுபோவதைத் தடுக்க முடியாது. அதன் இலக்கத்தை எழுதி வைக்க முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு தோட்டத்துச் சனசமூக நிலையத்திலோ கோயில் மண்டபத்திலோ, மெசின் வைத்திருப்பவர்கள் கூடலாம். கனமான தலையைத் தூக்கி வர வேண்டியதில்லை, கைத்தொலைபேசியில் எடுத்த படம் போதும். மேற்கத்தியச் சேகரிப்போர் கூட்டத்தில் எழுதப்படும் தகவல் மாதிரி, இலக்கம், தொழிற்சாலை என்பதோடு நிற்கும். நம்முடையது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: யார் வாங்கியது, எந்த ஆண்டு என்று நினைவு, புதிதா இரண்டாம் கையா, காசு எப்படிக் கிடைத்தது, எந்தத் தோட்டத்தில் எந்த லயனில் இருந்தது, அதில் தைத்துப் படித்தவர் யார், இப்போது யார் பொறுப்பில். தொலைந்துபோன மெசின்களையும் எழுத வேண்டும். இந்தியாவுக்குப் போனது, 1983 இல் எரிந்தது, மண்ணில் புதைந்தது, பிள்ளையின் படிப்புக்காக விற்றது. இலக்கம் இல்லாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டு மற்றதை எழுதலாம்.

முதலில் கேட்க வேண்டியவர்கள் எழுபது வயதைத் தாண்டிய பெண்களும், கடையை மூடிவிட்டு வீட்டில் இருக்கும் டெய்லர்மாரும். ஒரு கொப்பியும், அடித்தட்டைத் துடைக்க ஒரு பழைய துணியும், மங்கிய எழுத்தை வாசிக்க ஒரு டோர்ச் லைட்டும் கொண்டு போங்கள். இலக்கத்தை இரண்டு தடவை வாசித்து எழுதுங்கள். பழைய மெசின்களில் 3 உம் 8 உம் ஒன்றுபோலத் தெரியும்.